பொன்டியாக் ஜி.டி.ஓ.

பொன்டியாக் ஜி.டி.ஓ. என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனது பொன்டியாக் பிரிவின் வாயிலாக 1964 முதல் 1974 வரையிலும், பின்னர் 2004 முதல் 2006 வரையிலும் விற்பனை செய்த மகிழுந்து ஆகும். நடுத்தர அளவுள்ள, எடை குறைந்த வண்டியில் பெரிய மகிழுந்துகளுக்குரிய ஆற்றல் மிக்க எஞ்சினைப் பொருத்தி, இளைஞர்களுக்கு எட்டும் விலையில் விற்பதே இதன் அடிப்படைக் கருத்தாகும். "மசில் கார்" என்றழைக்கப்படும் மகிழுந்து வகைக்கு வழிவகுத்த வண்டியாக இது பரவலாகக் கருதப்படுகின்றது.

இக்கட்டுரையில் தரப்படும் ஆண்டுகள் பெரும்பாலும் மாதிரி ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவில் ஒரு மாதிரி ஆண்டுக்குரிய வண்டிகள் வழக்கமாக அதற்கு முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும்.

பின்னணி

1960களின் தொடக்கத்தில் பொன்டியாக் பிரிவு மகிழுந்துப் பந்தயங்களில் பெற்ற வெற்றிகளால் இளைஞர்களிடையே நற்பெயர் ஈட்டியிருந்தது. 1963 ஆம் ஆண்டு சனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் தனது பிரிவுகள் எவையும் பந்தயங்களில் ஈடுபடக்கூடாது எனத் தடை விதித்தது. இதனால் பந்தயக்களத்திற்கு வெளியே, சாலையில் ஓடும் வண்டியின் வாயிலாகவே தனது பெயரைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டிய நிலை பொன்டியாக்கிற்கு ஏற்பட்டது.

அப்போது பொன்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டிலோரியன். அவரும் பில் காலின்ஸ், ரசல் கீ ஆகிய பொறியாளர்களும் டெம்பெஸ்ட் என்னும் நடுத்தர மகிழுந்தில், பெரிய பொன்டியாக் வண்டிகளில் பயன்பட்ட 389 கன அங்குல (6.4 லிட்டர்) வி8 எஞ்சினைப் பொருத்தலாம் எனக் கண்டனர். இரு எஞ்சின்களின் வெளி அளவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததால் இம்மாற்றம் எளிதாயிற்று.

ஆனால் இவ்வகை மகிழுந்துகளின் எஞ்சின் கொள்ளளவு 330 கன அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. புதிய மாதிரி ஒன்றை அறிமுகப்படுத்தினால் தலைமையகத்தின் ஒப்புதல் தேவைப்படும். ஏற்கனவே உள்ள மாதிரிக்கு வாங்குபவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் விருப்பத் தொகுப்பாக அறிவித்தால் அத்தகைய ஒப்புதல் தேவையில்லை. இவ்விடைவெளியின் வழியாகவே ஜி.டி.ஓ. சந்தைக்கு வந்தது. பிரிவின் பொது மேலாளர் எலியட் எஸ்டஸ் இதற்கு இசைவளித்தார். விற்பனை மேலாளர் பிராங்க் பிரிட்ஜ் இது விலைபோகாது என ஐயுற்று, முதல் உற்பத்தியை 5,000 வண்டிகளுடன் நிறுத்திக்கொள்ள விரும்பினார்.

பெயர்

ஜி.டி.ஓ. என்பது "கிரான் டூரிசுமோ ஓமோலோகாட்டோ" என்னும் இத்தாலியத் தொடரின் சுருக்கம். பந்தயத்தில் கலந்துகொள்ளத் தகுதிச் சான்று பெற்ற நெடும்பயண வண்டி என்பது இதன் பொருள். இத்தாலியின் பெராரி 250 ஜி.டி.ஓ. வண்டியிலிருந்தே டிலோரியன் இப்பெயரை எடுத்துக்கொண்டார். பந்தயத் தடையின் விளைவாகப் பிறந்த வண்டிக்குப் பந்தயத் தகுதியைக் குறிக்கும் பெயர் சூட்டப்பட்டது பெராரி ஆர்வலர்களிடையே எதிர்ப்பை உண்டாக்கியது. அமெரிக்க இரசிகர்கள் இவ்வண்டியை "ஆடு" எனப் பொருள்படும் "கோட்" என்னும் செல்லப்பெயரால் அழைத்தனர்.

முதல் தலைமுறை (1964–1967)

1964 இல் டெம்பெஸ்ட் லெமான்ஸ் மாதிரிக்கான ஜி.டி.ஓ. தொகுப்பின் விலை ஏறத்தாழ 295 டாலர். இதில் 325 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின், தரையில் பொருத்தப்பட்ட கியர் நெம்புகோல், இரட்டைப் புகைபோக்கி, இறுக்கமான சுருள்வில்கள் முதலியன அடங்கும். "டிரை-பவர்" எனப்பட்ட மூன்று கார்புரேட்டர் அமைப்பைத் தேர்ந்தவர்களுக்கு 348 குதிரைத்திறன் கிடைத்தது. நான்கு சக்கரங்களிலும் டிரம் வகைத் தடைகளே இருந்தமை இவ்வண்டியின் பெருங்குறையாகச் சுட்டப்பட்டது. முன்சக்கர வட்டுத்தடைகள் 1967 இல்தான் கிடைத்தன.

1964 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் "கார் அண்டு டிரைவர்" இதழ் இதனைப் பெராரி ஜி.டி.ஓ.வுடன் ஒப்பிட்டு எழுதியது வண்டியின் புகழைப் பெருக்கியது. அச்சோதனைக்குத் தரப்பட்ட வண்டியில் கடைகளில் கிடைக்காத 421 கன அங்குல எஞ்சின் பொருத்தப்பட்டிருந்ததை விளம்பரப் பொறுப்பாளர் ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொண்டார்.

5,000 என்ற எல்லைக்கு மாறாக முதல் ஆண்டிலேயே 32,450 வண்டிகள் விற்றன. இவ்வெற்றியைக் கண்ட தலைமையகம் மீறலைத் தண்டிப்பதை விடுத்து, பிற பிரிவுகளும் இத்தகைய வண்டிகளைத் தயாரிக்க இடமளித்தது. 1965 இல் முகப்பு விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைக்கப்பட்டன. 1966 இல் ஜி.டி.ஓ. தனி மாதிரியாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டில் விற்ற 96,946 வண்டிகளே இதன் வரலாற்றில் மிக உயர்ந்த எண்ணிக்கை ஆகும். அதே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர்களைத் தலைமையகம் தடை செய்ததால், 1967 இல் டிரை-பவர் கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக எஞ்சின் 400 கன அங்குலமாக (6.6 லிட்டர்) பெரிதாக்கப்பட்டது. இரண்டு வேகத் தானியங்கி கியருக்குப் பதிலாக மூன்று வேகக் கியர் வந்தது.

இரண்டாம் தலைமுறை (1968–1972)

1968 இல் வண்டி முழுவதும் மறுவடிவமைக்கப்பட்டது. சக்கர இடைத்தூரம் 115 அங்குலத்திலிருந்து 112 அங்குலமாகக் குறைந்தது. வண்டியின் நிறத்திலேயே அமைந்த, சிறு மோதல்களில் நசுங்காமல் மீளும் "எண்டுரா" என்னும் முன்பகுதி இதன் சிறப்பு. இவ்வாண்டு "மோட்டார் டிரெண்டு" இதழின் ஆண்டின் சிறந்த மகிழுந்து விருதை ஜி.டி.ஓ. பெற்றது.

இதற்குள் போட்டி கடுமையாகியிருந்தது. ஆடம்பரங்களைத் தவிர்த்துக் குறைந்த விலையில் விற்ற பிளைமவுத் ரோட் ரன்னர் 1968 இல் பெரும் வரவேற்பைப் பெற்றது. இதற்கு எதிராக மலிவான வண்டியாகத் திட்டமிடப்பட்டதே 1969 இன் "தி ஜட்ஜ்" தொகுப்பு. "லாஃப்-இன்" என்னும் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் வழங்கிய தொடரொன்றிலிருந்து இப்பெயர் வந்தது. ஆயினும் 366 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின், பின்புற இறக்கை, பளிச்சிடும் வண்ணப்பட்டைகள் ஆகியவை சேர்ந்தபின் இது வழக்கமான ஜி.டி.ஓ.வைவிட 332 டாலர் கூடுதலாயிற்று. 1970 இல் நடுத்தர வண்டிகளுக்கான எஞ்சின் வரம்பு நீக்கப்பட்டு, 455 கன அங்குல (7.5 லிட்டர்) எஞ்சினும் கிடைத்தது.

வீழ்ச்சி

எஞ்சின் வரம்பு நீங்கிய அதே காலத்தில் வெளியிலிருந்து புதிய கட்டுப்பாடுகள் வந்தன. காப்பீட்டு நிறுவனங்கள் ஆற்றல் மிக்க வண்டிகளுக்கு, குறிப்பாக இளம் ஓட்டுநர்களுக்கு, மிகுந்த கட்டணம் விதித்தன. 1970 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகை வெளியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓடும்பொருட்டு 1971 இல் எஞ்சின்களின் அமுக்க விகிதம் 10க்கு மேலிருந்து 8.2 முதல் 8.4 வரை குறைக்கப்பட்டது. விற்பனை 10,532 ஆகச் சரிந்தது. ஜட்ஜ் தொகுப்பும், கூரை மடக்கும் வகையும் அவ்வாண்டுடன் நின்றன.

1972 முதல் குதிரைத்திறனை அளவிடும் முறையும் மாறியது. முன்னர் துணைக்கருவிகள் இல்லாத எஞ்சினைத் தனியே இயக்கி மொத்தத் திறன் கணக்கிடப்பட்டது. புதிய முறையில், வண்டியில் உள்ளவாறே புகைபோக்கி முதலியவற்றைப் பொருத்தி நிகரத் திறன் கணக்கிடப்பட்டது. 400 கன அங்குல எஞ்சினின் அறிவிக்கப்பட்ட திறன் 1971 இல் 300 ஆகவும் 1972 இல் 250 ஆகவும் இருந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். எனவே 1972க்கு முந்தைய எண்களைப் பிந்தைய எண்களுடன் நேரடியாக ஒப்பிடுதல் பொருந்தாது.

1972 இல் ஜி.டி.ஓ. மீண்டும் லெமான்ஸ் மாதிரிக்கான விருப்பத் தொகுப்பாக ஆக்கப்பட்டது. 1973 இல் புதிய உடலமைப்பு வந்தும் விற்பனை உயரவில்லை. 1974 இல் இப்பெயர் வெஞ்சுரா என்னும் சிறிய வண்டிக்கு மாற்றப்பட்டது. அதில் 200 குதிரைத்திறன் கொண்ட 350 கன அங்குல எஞ்சின் இருந்தது. 1973 இறுதியில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அவ்வாண்டுடன் உற்பத்தி நின்றது.

உற்பத்தி எண்ணிக்கை

1964: 32,450
1965: 75,352
1966: 96,946
1967: 81,722
1968: 87,684
1969: 72,287
1970: 40,149
1971: 10,532
1972: ஏறத்தாழ 5,800
1973: 4,806
1974: 7,058

மீள்வருகை (2004–2006)

ஜெனரல் மோட்டார்ஸின் துணைத் தலைவர் பாப் லட்சின் முயற்சியால் 2004 இல் ஜி.டி.ஓ. என்னும் பெயர் மீண்டும் வந்தது. இது ஆத்திரேலியாவின் ஹோல்டன் மொனாரோ வண்டியின் மாற்று வடிவம். அந்நாட்டிலேயே தயாரிக்கப்பட்டு அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டது. 2004 இல் 350 குதிரைத்திறனும் (5.7 லிட்டர்), 2005 முதல் 400 குதிரைத்திறனும் (6.0 லிட்டர்) இருந்தன. வேகத்தில் பழைய வண்டிகளை விஞ்சினாலும், தோற்றம் மிக எளிமையாக உள்ளது என்ற குறை கூறப்பட்டது. 2006 உடன் இதுவும் நிறுத்தப்பட்டது. பொன்டியாக் பிரிவு மூடப்படும் என 2009 ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, 2010 இல் அது முடிவுக்கு வந்தது.

சேகரிப்பாளர்களிடையே

1964, 1965 ஆம் ஆண்டு வண்டிகள் இன்று சேகரிப்பாளர்களால் பெரிதும் விரும்பப்படுகின்றன. ஆனால் அவ்விரு ஆண்டுகளிலும் ஜி.டி.ஓ. விருப்பத் தொகுப்பாகவே விற்கப்பட்டதால், வண்டியின் அடையாள எண் அதனைச் சாதாரண லெமான்ஸிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதில்லை. லெமான்ஸ் வண்டியில் எஞ்சினையும் சின்னங்களையும் பொருத்தி ஜி.டி.ஓ. எனக் காட்டுதல் எளிது. ஆகவே இவற்றை வாங்குவோர் தொழிற்சாலையின் விற்பனை ஆவணங்களைக் கொண்டே உண்மைத்தன்மையை உறுதி செய்கின்றனர். தனி மாதிரியாக விற்ற 1966 முதல் 1971 வரையிலான வண்டிகளை அவற்றின் அடையாள எண்ணைக் கொண்டே அறியலாம்.