பதுக்கை என்னும் சொல்

ஆங்கிலத்திலே 'பரோ' என்றொரு சொல் உண்டு. மண் அள்ளிச் செல்லும் ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டிக்கும் அதுவே பெயர். பண்டை மக்கள் இறந்தோர்மீது குவித்த ஈம மேட்டுக்கும் அதுவே பெயர். ஒலி ஒன்றாயினும் பிறப்பு வேறு. வண்டியின் பெயர் சுமத்தல் என்னும் வினையடியாகத் தோன்றியது. மேட்டின் பெயரோ குன்று எனப் பொருள்படும் பழஞ்சொல்லின் வழி வந்தது. ஜேர்மானியர் மலையைப் 'பேர்க்' என்பது அதற்கு உறவு.

இத்தகைய ஈமச் சின்னங்களைத் தமிழில் எழுதுவோர் பலர் 'கல்லறை' என்று கூறி அமைந்துவிடுகின்றனர். சங்கப் புலவர் வழங்கிய சொல் இதனினும் பொருத்தமானது. பாலை வழியில் மறவரின் அம்புக்கு இரையானோர் உடலைக் கற்கள் இட்டு மூடிய குவியலை அவர்கள் 'பதுக்கை' என்றனர். பதுக்குதல் என்பது மறைத்தல். அச்சொல்லின் உடன்பிறப்பாகிய 'பதுக்கல்' இன்று அரிசி மூடைகளை ஒளித்துவைக்கும் வணிகரின் செயலைச் சுட்டுகிறது! சொற்களுக்கும் குடிப்பெருமை தாழ்வதுண்டு போலும். நல்லவேளையாக, நிலத்தினுள் பலகைக் கற்களால் அமைத்த ஈம அறையைத் தொல்லியலார் 'கற்பதுக்கை' என்று வழங்கி, பழைய சொல்லுக்கு மறுவாழ்வு அளித்தனர்.

அத்தகைய பதுக்கைகளைக் காண விரும்புவோர் கடல் கடக்க வேண்டியதில்லை. மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளைக்கு அண்மையில் உள்ள இப்பன்கட்டுவவில் அவை தொகுதி தொகுதியாகக் கிடக்கின்றன. 1970இல் இவ்விடம் அறியப்பட்டது. எண்பதுகளில் இலங்கைத் தொல்லியலார் அகழ்ந்தனர். பின்னர் ஜேர்மானிய அறிஞரும் அப்பணியிற் சேர்ந்தனர். நாற்புறமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், உள்ளே சாம்பலும் எலும்புத் துண்டுகளும் கொண்ட தாழிகள், அவற்றோடு மட்கலங்கள், இரும்புக் கருவிகள், மணிகள். காலம் ஏறத்தாழ கி.மு. 700 முதல் கி.மு. 450 வரை என்பர்.

இவர்கள் யார்? தமிழரா, சிங்களவரின் முன்னோரா என்னும் வழக்கு உடனே எழுகின்றது. தென்னிந்தியப் பதுக்கைகளோடு இவை நெருங்கிய ஒப்புமை உடையன என்பது உண்மையே. ஆயினும் ஈம முறையை மட்டும் கொண்டு மொழியைத் துணிதல் அரிது. மணிமேகலை ஒரே நகரின் சுடுகாட்டிலே சுடுதல், வெளியே இடுதல், குழியிற் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியாற் கவித்தல் என ஐவகை முறைகளைக் காட்டுகின்றது. இப்பன்கட்டுவவிலோ உடலைச் சுட்டு, சாம்பலைத் தாழியிலிட்டு, தாழியை அறையில் அடைத்திருக்கின்றனர். மூன்று முறைகள் ஒருவருக்கே ஒருங்கு வாய்த்தன. அச்சாம்பல் எம்மொழி பேசியது என்று எவர் கூறுவார்?

மணிகள் சிறிது கூறுகின்றன. அவற்றுட் சில சூதுபவளத்தால் ஆனவை. அக்கல் பாரத நாட்டிலிருந்து வந்ததென்பது ஆய்வாளர் கருத்து. கடலைக் கடந்து, காட்டு வழியே இத்துணைத் தொலைவு உள்நாட்டுக்கு வந்த அருமணியை, உயிரோடிருந்தோர் தமக்கென வைத்துக்கொள்ளாது, இறந்தவரின் சாம்பலோடு பதுக்கிவைத்தனர்.