ஆறு சாமான் கொள்ளும் பை: ரெசிடென்ட் ஈவில் நான்காம் பாகம் எதை மாற்றியது?

எங்கள் பிள்ளைகள் லீவு நாட்களில் ரெசிடென்ட் ஈவில் விளையாடுவதைக் கண்டால், "பேய் கேம்" என்று சொல்லிவிட்டு நாம் போய்விடுகிறோம். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பெரியவர்கள் அறிந்துகொண்டால் பிள்ளைகளோடு பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

முதல் பாகம் 1996இல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. வெளியிட்டது ஜப்பானின் கேப்கொம் நிறுவனம், இயக்கியவர் ஷின்ஜி மிக்காமி. ஒரு பெரிய பங்களா, உள்ளே நடமாடும் பிணங்கள். கிறிஸ் என்ற பாத்திரத்தின் பையில் 6 சாமான்தான் கொள்ளும், ஜில் என்றால் 8. சாவிக்கு ஓர் இடம், ரவைக்கு ஓர் இடம், மருந்துக்கு ஓர் இடம். விளையாட்டைச் சேமிக்க டைப்ரைட்டருக்கு மை ரிப்பன் வேண்டும், அதற்கும் ஓர் இடம். பிணத்தைப் பார்த்து வரும் பயத்தைவிட, கையில் இருக்கிற ரவை அடுத்த அறைக்குக் காணுமா என்ற பயம்தான் பெரிது. கமெரா ஒரு மூலையில் அசையாமல் நின்றதால் திருப்பத்துக்கு அங்கால் என்ன நிற்கிறது என்றும் தெரியாது.

1998இல் இரண்டாம் பாகமும் 1999இல் மூன்றாம் பாகமும் வந்தன. கதை நகரத்துக்குப் போனது. பையும் பற்றாக்குறையும் அப்படியே இருந்தன.

2005இல் மிக்காமியே நான்காம் பாகத்தை இயக்கினார். கமெரா லியோனின் தோளுக்குப் பின்னால் வந்தது. பைக்குப் பதிலாகப் பெரிய பெட்டி. விழுந்த எதிரி ரவையும் காசும் விட்டுப் போவான், துவக்கு விற்க ஒரு வியாபாரி வருவான், மை ரிப்பன் தேவையில்லை. பின்னால் வந்த எத்தனையோ கேம்கள் அந்தக் கமெராவைப் பின்பற்றின. ஆனால் முன்பு "எப்படித் தப்பிப்பது" என்று யோசித்தவர்கள், இப்போது "எத்தனை பேரைச் சுடுவது" என்று யோசித்தார்கள். குறி பார்க்கும்போது நடக்க முடியாது என்ற ஒரு கட்டுப்பாட்டை மட்டும் மிக்காமி விட்டுவைத்தார். அதனால் பதற்றம் முழுதாகப் போகவில்லை.

2009இல் ஐந்தாம் பாகமும் 2012இல் ஆறாம் பாகமும் சுடுவதையே இன்னும் கூட்டின. பயம் குறைந்துவிட்டது என்று பழைய ரசிகர்கள் குறைப்பட்டார்கள். 2017இல் ஏழாம் பாகம் மறுபடி ஒரு வீட்டுக்குள், கொஞ்ச ரவையோடு திரும்பி வந்தது. பழைய கமெரா வரவில்லை. திரும்பி வந்தது பற்றாக்குறை.

இந்தப் பயம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வெளியேறத் தரப்பட்டது இரண்டு மணித்தியாலம். எதை எடுப்பது, எதை விடுவது என்ற கணக்கை எங்கள் உம்மாமாரும் வாப்பாமாரும் அன்று போட்டார்கள். கேமில் பை நிரம்பினால் மிச்சத்தைப் போட்டுவைக்க ஒரு பெட்டி இருக்கிறது, பிறகு வந்து எடுக்கலாம். சோனகத் தெருவில் அப்படி ஒரு பெட்டி இருக்கவில்லை.

பிள்ளைகள் அடுத்த முறை பையில் இடமில்லை என்று அலுத்துக்கொண்டால், கேமை நிறுத்தச் சொல்ல வேண்டாம். அன்றைக்கு என்ன எடுத்துக்கொண்டு போனீர்கள் என்று வாப்பும்மாவிடமோ அப்பாவிடமோ கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதில்களை அவர்கள் இருக்கும்போதே எழுதி வைப்போம்.