ஜன்னல் பெயிண்டும் காரீயமும்

மாற்றலாகி திருவனந்தபுரம் வந்து, கரமனையில் ஒரு பழைய வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். போன மாதம் ஜன்னலுக்கு உப்புத்தாள் போட ஆள் வந்தார். நான்தான் நிறுத்தச் சொன்னேன். எங்கள் சின்னவளுக்கு நாலு வயசு.

பயம் காரீயத்தைப் பற்றி. அம்மா ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு. காரீயம் விஷம். நிறத்துக்காகவும் சீக்கிரம் காயவும் பெயிண்டில் கலந்தார்கள். அமெரிக்கா 1978-லேயே வீட்டுப் பெயிண்டில் தடை செய்தது. நம் நாட்டில் பெட்ரோலில் இருந்து 2000-ல் போனது. பெயிண்டுக்கு விதி வந்தது 2016-ல். 2017 நவம்பர் முதல் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது.

ஆனால் விதி புது டப்பாவுக்குத்தான். ஜன்னலில் ஏற்கெனவே இருப்பது அப்படியே இருக்கிறது. உலரத் தேய்த்தால் தூசி. தூசி குழந்தையின் கையில், கையிலிருந்து வாயில். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை.

கடைசியில் குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு, நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தோம்.

ஊர் விட்டு ஊர் வந்து பழைய வீடு பிடிப்பவர்களே, அட்வான்ஸ் கொடுக்குமுன் ஜன்னலையும் ஒரு தடவை பாருங்கள்.