காரட் எஞ்சின்: ஏற்றத்துக்கா, சுமைக்கா?

மூட்டு எஞ்சின் என்றால் மலை எஞ்சின் என்ற எண்ணம் ரயில் வரலாற்றில் ஊறிப்போய்விட்டது. ஒரே எஞ்சினில் தனித்தனியே திரும்பக்கூடிய இரண்டு சக்கரத் தொகுதிகள் இருப்பது வளைவில் திரும்பவும் மேட்டில் ஏறவும்தான் என்று எழுதப்பட்டுவந்திருக்கிறது. இந்த வாசிப்பின் மூலவர் ராபர்ட் ஃபேர்லி. இந்தியாவில் ஓடிய மூட்டு எஞ்சின்களின் சான்று அவர் பக்கம் நிற்கவில்லை என்பது என் வாதம். பேயர் பீகாக் நிறுவனம் கட்டிய காரட் வகை எஞ்சின்களை, அதிலும் பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் எஞ்சின்களை வைத்து அதை முன்வைக்கிறேன்.

கேள்வி எழுவது சேலத்துப் பக்கத்தில். ஜோலார்பேட்டையிலிருந்து வரும் அகலப் பாதை பொம்மிடி தாண்டி லோகூர், டேனிஷ்பேட்டை என்று சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டி வளைந்து சேலத்துக்கு இறங்குகிறது. 1861-இல் சேலத்தைத் தொட்ட பாதை இது. 1908-இல் மெட்ராஸ் ரயில்வேயிடமிருந்து தென்னிந்திய ரயில்வேயின் கைக்கு மாறியது. ஏற்றமும் வளைவும் உள்ள இந்தப் பகுதியில் நீராவிக் காலம் முடியும்வரை சாதாரண எஞ்சின்களே ஓடின. தென்னிந்திய ரயில்வே காரட் வாங்கவில்லை. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயும் வாங்கவில்லை. வால்டேருக்குத் தெற்கே அந்த எஞ்சின் எட்டிப் பார்க்கவே இல்லை. மலைதான் காரணம் என்றால் லோகூர் மலைப்பாதை ஏன் விடுபட்டது?

ஃபேர்லி சொன்னதை முதலில் நியாயமாக எடுத்துவைக்க வேண்டும். இளமையில் பம்பாய், பரோடா அண்ட் சென்ட்ரல் இந்தியா ரயில்வேயில் வேலை பார்த்தவர் அவர். இந்தியப் பாதைகளை அறியாதவர் அல்லர். 1864-இல் இரட்டைக் கொதிகலன் எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். 1870 பிப்ரவரியில் வேல்ஸ் நாட்டு ஃபெஸ்டினியாக் ரயில்வேயில், இரண்டடிக்கும் சற்றுக் குறைந்த அகலமுள்ள பாதையில், அவருடைய ‘லிட்டில் வொண்டர்’ எஞ்சினை ரஷ்யக் குழுவினர் உட்படப் பலர் பார்க்கச் சோதித்துக் காட்டினார்கள். 1872-இல் ஃபேர்லி வெளியிட்ட நூல், பாதை அகலம் பற்றிய போரையே தலைப்பில் தாங்கியது. அகலப் பாதையில் வண்டிகளின் வெற்றெடை வீணாக இழுக்கப்படுகிறது. பாதையைக் குறுக்கு, மூட்டு எஞ்சினைப் பூட்டு, அகலப் பாதை செய்யும் வேலையைக் குறைந்த செலவில் செய்யலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். அதாவது மூட்டு எஞ்சின் குறுகிய பாதையின் துணை. மேடும் வளைவும் அதன் களம்.

இது வெறும் விற்பனைப் பேச்சு அல்ல. 1870-இல் மேயோ பிரபுவின் அரசு மீட்டர் பாதையைத் தேர்ந்ததற்குப் பின்னால் இருந்ததும் இதே சிக்கனக் கணக்கு. காவிரிக் கரையில் அதன் விளைவைப் பார்க்கலாம். திருச்சியிலிருந்து கரூர், கொடுமுடி வழியே ஈரோட்டுக்கு 1860-களில் அகலப் பாதையாகப் போடப்பட்ட தடத்தை 1870-களின் இறுதியில் மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். ஆற்றுக்கு இக்கரையில் நாமக்கல் பக்கத்துக்கு 2013 வரை ரயிலே இல்லை என்பதால், பரமத்தி வேலூர்க்காரர்கள் பார்த்த ரயில் அக்கரையில் ஓடிய அந்த ரயில்தான். பாதை குறுகியது, ஃபேர்லி சொன்ன மூட்டு எஞ்சின் மட்டும் வரவில்லை. சுமை கூடியபோது தென்னிந்திய ரயில்வே மூட்டு எஞ்சினைத் தேடிப் போகாமல் 1929-இல் தடத்தையே மறுபடியும் அகலப் பாதையாக்கியது. பழைய சேலம் மாவட்டத்தின் இன்னொரு மூலையில், மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் திறந்து 1913-இல் ஓசூர்வரை நீண்ட இரண்டரை அடிப் பாதை ஃபேர்லி கனவு கண்ட வறண்ட, சரக்குக் குறைந்த நாட்டுக்கென்றே அமைந்தது போன்றது. அது 1941-இல் மூடப்பட்டது.

அதே 1929-இல் வடக்கே நடந்ததுதான் என் சான்று. பெங்கால் நாக்பூர் ரயில்வே ‘என்’ வகுப்பு காரட் எஞ்சின்கள் 16 வாங்கியது. ஐந்தரை அடி அகலப் பாதை. 234 டன் எடை. சிலிண்டர் விட்டம் 20½ அங்குலம், உந்து நீளம் 26 அங்குலம், இயக்குசக்கரம் 4 அடி 8 அங்குலம், கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. இந்த நான்கு எண்களையும் வைத்துக் கணக்கிட்டால் அழுத்தத்தின் 85 விழுக்காட்டில் இழுவிசை 69,660 பவுண்டை ஒட்டி வருகிறது. 75 விழுக்காட்டில் 61,460. எந்த விழுக்காடு என்று சொல்லாமல் இரண்டு ரயில்வேக்களின் எஞ்சின்களை ஒப்பிடுவது ஆபத்து. ஓடியது எங்கே? சக்ரதர்பூரைச் சுற்றிய தாதுப் பாதைகளிலும் நிலக்கரிப் பாதைகளிலும். அங்கே மேடு என்பது நூறடிக்கு ஓரடி அளவு. டார்ஜிலிங் பாதையில் இருபத்து சொச்சம் அடிக்கு ஓரடி ஏறுகிறது. அதோடு ஒப்பிட்டால் இது சமவெளி.

ஆனால் நான் பெரிதாக நினைக்கும் சான்று சக்கர வரிசை. அந்த ரயில்வே 1925-இல் சோதனைக்காக வாங்கிய இரண்டு ‘எச்எஸ்ஜி’ எஞ்சின்களின் வரிசை 2-8-0+0-8-2. 1929-இன் ‘என்’ வகுப்பும் 1931-இல் வந்த பத்து ‘என்எம்’ எஞ்சின்களும் 4-8-0+0-8-4. 1939-இன் நான்கு ‘பி’ எஞ்சின்கள் 4-8-2+2-8-4. இந்த எண்களைப் பிரித்து எண்ண வேண்டும்: 8 என்பது ஒரு தொகுதியின் இயக்குசக்கரங்கள், மற்றவை தாங்கும் சக்கரங்கள், அச்சுக்கு இரண்டு சக்கரம். இயக்கச்சுகள் முதலிலிருந்து கடைசிவரை எட்டு, ஒன்றுகூடக் கூடவில்லை. சும்மா தாங்கும் அச்சுகளோ இரண்டு, நான்கு, ஆறு என்று ஏறிக்கொண்டே போகின்றன. மலை எஞ்சின் கட்டுகிறவர் இதைச் செய்ய மாட்டார். ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமல் பிடிக்க, எடை முழுவதும் இயக்குசக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். ‘லிட்டில் வொண்டர்’ அப்படித்தான்: 0-4-4-0. டார்ஜிலிங்குக்கு 1911-இல் போன காரட்டும் அப்படித்தான்: 0-4-0+0-4-0, தாங்கும் அச்சு ஒன்றுகூட இல்லை. பெங்கால் நாக்பூர் போன திசை இதற்கு நேர் எதிர். கொதிகலனைப் பெரிதாக்கி, தண்ணீரும் கரியும் கூட்டி ஏற்றி, அந்த எடையைத் தண்டவாளத்தின் மேல் பரப்பிவிடுவது அதன் நோக்கம் என்றே அந்த வரிசையைப் படிக்கிறேன். வெறும் மூன்று புள்ளிகளை இணைத்து இழுத்த கோடு இது என்று சொல்லலாம். சொல்லட்டும், மூன்றும் ஒரே திசையில் போகின்றன.

காரட்டின் கட்டுமானமும் இதற்கு இடம் கொடுத்தது. ஃபேர்லி எஞ்சினில் கொதிகலன் சக்கரத் தொகுதிகளின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஹெர்பர்ட் வில்லியம் காரட் கண்ட அமைப்பில் கொதிகலன் இரு தொகுதிகளுக்கும் நடுவே தொட்டிலாகத் தொங்குகிறது. அடியில் சக்கரம் இல்லாததால் எரிபெட்டியை ஆழமாகவும் அகலமாகவும் கட்டலாம். பாதை எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு இந்த லாபம் பெருகும். ஃபேர்லியின் கூற்று இந்த இடத்தில் தலைகீழாகிறது: காரட்டின் முழு ஆற்றலும் வெளிப்படக் குறுகிய பாதை அல்ல, அகலப் பாதையே ஏற்றது. குறை ஒன்றும் உண்டு. தண்ணீரும் கரியும் இயக்குசக்கரங்களின் மேல் இருப்பதால், அவை செலவாகச் செலவாகப் பிடிமானமும் குறையும். நீண்ட ஏற்றத்தில் உறுத்தும் குறை இது.

டார்ஜிலிங் என்ன சொல்கிறது? 1911-இல் அங்கே போன எஞ்சின்தான் ஆசியாவுக்கு வந்த முதல் காரட். ஃபேர்லியின் களமேதான்: இரண்டடிப் பாதை, செங்குத்து ஏற்றம், கொடிய வளைவு. ஆனால் ஒன்றோடு நின்றுவிட்டது; 1954-இல் கழித்துக்கட்டினார்கள். அந்த மலையைச் சுமந்தவை 1889 முதல் கட்டப்பட்ட ‘பி’ வகுப்புச் சிறு எஞ்சின்கள். முன்பின்னாக மாறி ஏறும் திருப்பங்களில் நீண்ட ரயிலுக்கு இடமில்லை. நீண்ட ரயில் இல்லையென்றால் இரட்டை எஞ்சினுக்கு வேலை இல்லை என்று ஊகிக்கிறேன். நீலகிரியிலோ பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். அங்கே விடை மூட்டு அல்ல, பல்சக்கரம்.

என் வாதத்தை உறுத்துவது இலங்கை. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை ஏறி, பட்டிப்பொலையில் ஆறாயிரம் அடி தாண்டும் மலையகப் பாதையில் 1927-இல் ஒரு காரட்டும் 1945-இல் எட்டும் சேர்ந்தன. அகலப் பாதை, 2-6-2+2-6-2. சேலம், நாமக்கல் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் அந்த எஞ்சின்களின் மூச்சிரைப்பைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள். இங்கே ஏற்றம்தான் காரணம், மறுக்க முடியாது. ஆயினும் முதல் எஞ்சினுக்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகள் அடுத்தது வரவில்லை, வந்தபோது உலகப்போர்க் காலம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்பது எஞ்சின் ஒரு பக்கம். பெங்கால் நாக்பூரின் முப்பத்திரண்டு மறுபக்கம்.

ஆகவே லோகூர் மலைப்பாதை விடுபட்டதற்கு அதன் உயரம் போதாமை காரணமாக இருக்க முடியாது; சுமை போதாமையே காரணம் என்பேன். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டின் மேக்னசைட் உருக்காலை உலைகளுக்கு உட்சுவராக ரயிலேறியது. ஆனால் அந்த உலைகளின் வாய்க்குப் போன தாதுவும் கரியும் போல அது மலைமலையாகக் குவியும் சரக்கல்ல.

தேதி பற்றி ஒன்று. டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் 815-ஆம் எண் ‘என்’ வகுப்பு எஞ்சினுக்கு 1929, 1930 என்று இரண்டு ஆண்டுகள் வழங்குகின்றன. ஆலையில் முடிந்தது, கப்பலேறியது, இங்கே பூட்டி ஓடவிட்டது என்று மூன்று நாள் உள்ள பொருளுக்கு இது இயல்பு. ஒன்றை அழித்து மற்றதை நிறுத்த நான் முயலவில்லை.

இதைவிடக் கனமான முடிச்சு வேறு. அதே பத்தாண்டில், அதே நிலக்கரி வட்டாரத்தில், ஈஸ்ட் இந்தியன் ரயில்வே மூட்டில்லாத ‘எக்ஸ்இ’ எஞ்சினை எடுத்தது: 2-8-2, அச்சுக்கு இருபத்திரண்டரை டன். ஒரு ரயில்வே எடையைக் குவித்தது, இன்னொன்று பரப்பியது. பாலங்களின் தாங்குதிறனா, தண்டவாளத்தின் கனமா, இரு ரயில்வேக்களின் பொறியாளர்களுடைய மனப்போக்கா? சக்கர வரிசையை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. பாலம் பாலமாக இரு ரயில்வேக்களின் அச்சு எடை வரம்புகளையும் 1920-களுக்கு அடுக்கிப் பார்த்தால், நான் இங்கே சொன்னதில் எவ்வளவு நிற்கும் என்பது தெரியும்.