நவாபின் கையெழுத்து

சேப்பாக்கம் அரண்மனையைப் பார்க்காத சென்னைவாசி இருக்க முடியாது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி 1768-ல் கட்டிய மாளிகை அது. செங்கல், சுண்ணாம்பு, கடன் ஆகிய மூன்றும் கலந்து எழுந்த கட்டடம் என்று சொன்னால் பொய்யாகாது. கும்பினி துரைமார் முதல் பட்டணத்துச் சௌகார்கள் வரை நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஏராளம்.

முகம்மது அலி 1795-ல் காலமானார். மகன் உம்தத்-உல்-உமராவும் 1801-ல் கண்ணை மூடினார். அந்த வருஷமே கும்பினியார் கர்நாடக ராஜ்யத்தை எடுத்துக்கொண்டார்கள். ராஜ்யத்தை எடுத்தால் கடனையும் எடுக்க வேண்டுமல்லவா? வருஷத்துக்கு 3,40,000 வராகன் ஒதுக்குவதாக 1805-ல் ஒப்பந்தமாயிற்று. எது மெய்க்கடன், எது பொய்க்கடன் என்று ஆராய லண்டனிலும் சென்னையிலும் கமிஷனர்களை நியமித்தார்கள்.

சென்னைக் கடன்களில் சென்னைத் துரைமாருக்கே பங்கு உண்டு என்பதால், இங்கே விசாரிக்க வங்காளத்திலிருந்து உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர்களுக்கு இந்த ஊரும் புதிது, நவாபின் தஸ்தாவேஜுகளும் புதிது. கையெழுத்தையும் முத்திரையையும் இனங்கண்டு சொல்ல உள்ளூர் ஆள் ஒருவர் தேவைப்பட்டார். நவாபின் கணக்கு இலாகாவில் இருந்த ரெட்டி ராவ் கிடைத்தார். கள்ளப் பத்திரம் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கமிஷனர்கள் கேட்டுக்கொள்ளவில்லை!

1808-ல் குட்டு உடைந்தது. ரெட்டி ராவும் ஆனந்த ராவும் பொய்ப் பத்திரத்தில் சம்பந்தப்பட்டவர்கள் என்று வழக்கு வந்தது. கவர்னர் ஸர் ஜார்ஜ் பார்லோவுக்கு மகா கோபம். யார் மீது? ரெட்டி ராவ் மீது அல்ல, புகார் சொன்னவர்கள் மீது! சர்க்கார் வக்கீல்களே ரெட்டி ராவுக்காக வாதாடினார்கள். புகாரை ஏற்று விசாரித்த மாஜிஸ்டிரேட்டின் பதவி பறிபோயிற்று. ஜூரிகள் மட்டும் அசையாமல் "குற்றவாளி" என்றார்கள். பிரதம நீதிபதி ஸர் தாமஸ் ஸ்டிரேஞ்சுக்கு அந்தத் தீர்ப்பு திருப்தி அளிக்கவில்லை. ஆனால் ஜூரிகள் சொன்னதே சரி என்பது பின்னால் ருசுவாயிற்று.

பார்லோ பணத்துக்கு ஆசைப்பட்டவர் அல்ல. ரெட்டி ராவைச் சந்தேகித்தால் கமிஷனையே சந்தேகித்ததாகும் என்று எண்ணினார், அவ்வளவுதான். லஞ்சம் வாங்கும் அதிகாரியால் விளையும் கெடுதலுக்கு ஓர் அளவுண்டு. 'நாம் பொறுக்கி எடுத்த ஆள் தவறு செய்வானா?' என்று நினைக்கும் யோக்கியமான அதிகாரியால் விளையும் கெடுதலுக்கு அளவே இல்லை.

கமிஷன் வேலை 1830-ல்தான் முடிந்தது. கேட்ட தொகை மூன்று கோடிப் பவுனுக்கு மேல். நியாயமென்று ஒப்புக்கொண்டது சுமார் 27 லட்சம் பவுன். பதினொரு பங்கில் பத்துப் பங்கு பொய்! அந்தப் பொய்க் குவியலுக்கு அடியிலே, மெய்யாகவே பணம் கொடுத்தவர்களின் பத்திரங்களும் கிடந்தன. கால் நூற்றாண்டு காத்திருந்தவர்கள் அவர்கள்தான். ரெட்டி ராவின் பெயர் சரித்திரத்தில் நின்றுவிட்டது. அவர்களுடைய பெயர்களை இன்று யார் சொல்கிறார்கள்?