பியாட்ரிக்ஸ் ஃபேரண்ட்

பியாட்ரிக்ஸ் ஃபேரண்ட் (1872–1959) அமெரிக்க நிலத்தோற்ற வடிவமைப்பாளர். 1899-ல் அமெரிக்க நிலத்தோற்றக் கலைஞர் சங்கத்தை நிறுவிய 11 பேரில் இவர் ஒருவரே பெண். நியூயார்க்கில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். நாவலாசிரியர் எடித் வார்ட்டன் இவருடைய அத்தை. இத்துறைக்கென்று அமெரிக்காவில் பட்டப்படிப்பே இல்லாத காலத்தில், பாஸ்டனின் ஆர்னால்டு மரத்தோட்டத்தில் சார்லஸ் சார்ஜென்ட்டிடம் நேரடியாகப் பயின்றார். திட்டத்துக்காக நிலத்தை வெட்டித் திருத்தாமல், நிலத்துக்கேற்பத் திட்டத்தை வளைக்க வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

அதன் முழு விளைச்சலை வாஷிங்டன் டம்பார்ட்டன் ஓக்ஸ் தோட்டத்தில் காணலாம். மில்ட்ரெட் பிளிஸ் என்ற உரிமையாளருடன் சேர்ந்து 1921 முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டு இதில் உழைத்தார். வீட்டை ஒட்டி ஒழுங்கான தளங்கள். சரிவில் இறங்க இறங்க ஒழுங்கு தளர்ந்து, கடைசியில் ஓடைக்கரைக் காடு. பெஞ்சு, வாயிற்கதவு முதலியவற்றின் மரமாதிரிகளை அதே அளவில் செய்து, உரிய இடத்தில் நிறுத்திப் பார்த்த பிறகே கல்லிலோ இரும்பிலோ செய்யச் சொன்னார்.

1940-ல் அத்தோட்டம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. பின்னாளில் வரும் பராமரிப்பாளர்களுக்காக ஃபேரண்ட் ஒரு கையேடு எழுதினார். ஒவ்வொரு பகுதியும் எதற்காக அமைந்தது, எந்தச் செடியை எவ்வளவு வளரவிடலாம், ஒரு மரம் பட்டுப்போனால் அந்த இடத்தில் எதை நடலாம் என்றெல்லாம் அதில் உண்டு. 1980-ல் நூலாக வந்த இக்கையேட்டை அவருடைய வரைபடங்களுக்கும் மேலாக மதிக்கத் தோன்றுகிறது. நட்ட மறுநாளிலிருந்தே மாறத் தொடங்கும் கலை இது என்பதை அவ்வளவு தெளிவாக உணர்ந்து எழுதியவர்கள் அரிது.

பராமரிப்பில் அவர் காட்டிய கண்டிப்பு சொந்த நிலத்திலும் தளரவில்லை. மெய்ன் மாநிலம் பார் ஹார்பரில் இருந்த தம் ரீஃப் பாயிண்ட் தோட்டத்தைக் கல்வி மையமாக்க முயன்றார். 1947-ல் பெருந்தீ அவ்வூரின் ஒரு பகுதியை அழித்தது, வரிவிலக்கும் கிடைக்கவில்லை. கவனிப்பாரின்றிச் சீரழிய விட மனமில்லாமல், 1955-ல் வீட்டை இடித்துத் தோட்டத்தைக் கலைக்க முடிவெடுத்தார். செடிகள் பல, அருகிலுள்ள அஸ்டிக்கூ, தூயா தோட்டங்களில் மறுவாழ்வு பெற்றன. ஆங்கிலேயத் தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜீக்கிலின் வரைபடங்கள் உள்ளிட்ட நூலகத்தைக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு அளித்தார்.

பிரின்ஸ்டன், யேல் பல்கலைக்கழக வளாகங்களிலும் இவர் பணியாற்றினார். நியூயார்க் தாவரவியல் பூங்காவுக்கு 1916-ல் வரைந்த ரோஜாத் தோட்டம் முதல் உலகப்போர்க்கால இரும்புத் தட்டுப்பாட்டால் பாதியில் நின்றது. வேலியும் நடு மண்டபமும் சேர்ந்து, அவர் வரைந்தபடியே 1988-ல் முழுமை பெற்றது.