உறுதிப்பூசுதலுக்கு எந்தப் புனிதரின் பெயர்? வளர்ந்தபின் கத்தோலிக்கராகிறவர்களுக்கு

வளர்ந்தபின் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்கிறவர்களிடம் மறைக்கல்வியின் கடைசி வாரங்களில் ஒரு கேள்வி கேட்கப்படும்: உங்கள் பாதுகாவலராக எந்தப் புனிதரைத் தெரிந்திருக்கிறீர்கள்? சைவக் குடும்பத்தில் பிறந்து முப்பது வயதுக்குப் பிறகு திருமுழுக்குப் பெற்றவள் நான். வன்னியிலிருந்து வந்த பலர் இதே கேள்வியோடு என்னிடம் கதைத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் நடைமுறை. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குக் குழந்தையிலேயே திருமுழுக்குக் கொடுத்துவிடுவார்கள். உறுதிப்பூசுதல் பல ஆண்டுகள் கழித்து ஆயர் வரும்போது நடக்கும். பெரியவர்களுக்கு அப்படியல்ல. திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் பெரும்பாலும் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவுத் திருவிழிப்பிலேயே ஒன்றாகக் கிடைத்துவிடும். திருமுழுக்குக் கொடுக்கும் குருவே நெற்றியில் கிறிஸ்மா தைலம் பூசி உறுதிப்பூசுதலையும் கொடுப்பார். ஆயருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபைகளில் முறையாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு மறுபடி திருமுழுக்கு இல்லை.

பெயரைப் பற்றிய சட்டம் பலர் நினைப்பதைவிட இலகுவானது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் திருமுழுக்கில் புனிதர் பெயர் ஒன்றை எதிர்பார்த்தது. ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அதையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இப்போது நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டுச் சட்டம், பெயர் கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பானதாக இருக்கக்கூடாது என்று மட்டுமே சொல்கிறது. உறுதிப்பூசுதலுக்கென்று தனிப்பெயர் எடுப்பது ஒரு வழக்கம், கட்டாயமல்ல. பெரியவர்களுக்கான சடங்குமுறையில், புதுப்பெயர் கொடுக்காமல் ஏற்கனவே இருக்கும் பெயருக்குக் கிறிஸ்தவப் பொருளை விளக்கிவிடவும் இடமுண்டு. அருள்மொழிக்கோ அன்பரசிக்கோ அதில் என்ன கஷ்டம்?

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்குப் பெயர் என்பது வெறும் கூப்பிடும் சொல் அல்ல. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்து, மறுபடி எடுக்க எத்தனை தரம் கச்சேரிக்கு அலைந்திருப்போம். முகாம் பதிவு, வீட்டுத்திட்டப் பதிவு, காணாமல் ஆக்கப்பட்டவருக்காகக் கொடுத்த முறைப்பாடு என்று எல்லாவற்றிலும் அந்த ஒரு பெயர்தான் இருக்கிறது. 2009 மே மாதத்துக்குப் பிறகு என் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் வேதத்துக்குப் போவதை அம்மா தடுக்கவில்லை. ஒன்றை மட்டும் சொன்னா: "பேரை மட்டும் மாத்திப்போடாத பிள்ளை. அவன் வந்தா அந்தப் பேரைச் சொல்லித்தானே உன்னைத் தேடுவான்."

அம்மாவுக்கு நான் கொடுத்த பதிலை உங்களுக்கும் தருகிறேன். உறுதிப்பூசுதல் பெயர் அடையாள அட்டைக்குப் போவதில்லை. அது ஆலயத்தோடும் செபத்தோடும் நிற்பது. அரச பதிவிலுள்ள பெயரை மாற்றுவது முற்றிலும் வேறு வேலை, அதைச் செய்யும்படி திருச்சபை கேட்பதுமில்லை. ஆலயப் பதிவேட்டில் எழுதும்போது உங்கள் சொந்தப் பெயர் பிறப்பு அத்தாட்சியில் உள்ளபடியே, எழுத்துப் பிழையில்லாமல் பதியப்படுகிறதா என்று மட்டும் நின்று பாருங்கள். பிறகு திருமண நேரத்தில் அந்தப் பத்திரம் தேவைப்படும்.

இனித் தெரிவுக்கு வருவோம். சைவ வீட்டில் வளர்ந்தவர்கள் பாதுகாவலரைக் குலதெய்வம் போல எண்ணக்கூடும். குலதெய்வம் வழிவழியாக வருவது. பாதுகாவலரை நாங்களே தெரிகிறோம், அவர் கடவுளுமல்ல. நமக்கு முன்னே இதே வாழ்க்கையைக் கடந்துபோன ஒரு மனிதர், நமக்காக இறைவனிடம் பரிந்துபேசுகிறவர், அவ்வளவுதான். ஆகவே, பேர்போன புனிதர் யார் என்று தேடாமல், யாருடைய வாழ்க்கை உங்களுக்கு விளங்குகிறது என்று தேடுங்கள். அந்தோனியாரையும் சூசையப்பரையும் தெரிகிறவர்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஊரில் பாதிப்பேர் அந்தோனியாரோடுதான் இருக்கிறார்கள், கொஞ்சம் தள்ளியும் பார்க்கலாம்.

பெரியவராகி மதம் மாறியவர்களுக்கு மிகக் கிட்ட நிற்பவர் புனித தேவசகாயம். 1712இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தவர். திருவிதாங்கூர் அரசில் பணிசெய்தவர். டச்சுத் தளபதியாக இருந்து அங்கே சிறைப்பட்ட டிலனாய் என்பவர், துன்பப்பட்ட யோபுவின் கதையை இவருக்குச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. பெயர் லாசர், அதன் பொருளைத் தமிழாக்கித்தான் தேவசகாயம் என்றார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் புனிதரானார். குருவுமல்ல, துறவியுமல்ல, மனைவியோடு வாழ்ந்த பொதுநிலையினர்.

எங்கள் மண்ணில் நடந்தவர் வேண்டுமென்றால் புனித யோசப் வாஸ் இருக்கிறார். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் தடைசெய்திருந்த காலம். 1687இல் கோவாவிலிருந்து வந்து, பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் ஒளித்துத் திரிந்து, சில்லாலையில் தங்கி இரவுகளில் பூசை வைத்தார். பிறகு கண்டியில் உளவாளி என்று சிறை வைக்கப்பட்டார். அதே கண்டியில் அம்மை பரவியபோது எல்லோரும் விட்டு ஓடிய நோயாளரைப் பார்த்தவரும் அவர்தான். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார், அன்று பின்னேரமே மடுவுக்கும் வந்தார். சோதனைச்சாவடி, ஒளிவு, சந்தேகத்தின் பேரில் கைது எல்லாம் தெரிந்த ஒருவர் நமக்குப் பாதுகாவலராக இருப்பது பொருத்தம்தானே.

போரில் போன எங்கள் குருக்களின் பெயரை எடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. 1985இல் வங்காலையில் கொல்லப்பட்ட மேரி பஸ்தியன் அடிகளாரையும், 2006இல் அல்லைப்பிட்டியில் காணாமல்போன ஜிம் பிறவுண் அடிகளாரையும் மக்கள் மறக்கவில்லை. ஆனால் திருச்சபை அவர்களைப் புனிதராக அறிவிக்கவில்லை. 1544இல் கொல்லப்பட்ட மன்னார் மறைசாட்சிகள்கூட இன்னும் அந்தப் பட்டியலில் இல்லை. இதற்கு ஒரு வழியை எங்கள் வகுப்பில் இருந்த ஒருவர் கண்டுபிடித்தார். 2009 மே 18இல் சரணடைந்தவர்களோடு போய் இன்றுவரை திரும்பாத பிரான்சிஸ் யோசப் அடிகளாரை மனதில் வைத்து, பிரான்சிஸ் சவேரியாரைப் பாதுகாவலராக எடுத்தார். பதிவேட்டில் சவேரியார். ஏன் என்பது அவருக்குத் தெரியும்.

நான் எடுத்தது பக்கீத்தாவை. சூடானில் சிறுவயதில் கடத்தப்பட்டு, கைமாறிக் கைமாறி விற்கப்பட்ட பெண். பட்ட பயத்தில் பெற்றோர் இட்ட பெயரே அவருக்கு மறந்துபோனது. பக்கீத்தா என்பது கடத்தியவர்கள் வைத்த பெயர், அரபியில் அதிர்ஷ்டசாலி என்று அர்த்தம். கேலியா, என்னவோ. உடம்பு முழுக்கக் கீறல் தழும்புகள். இத்தாலிக்குக் கொண்டுவரப்பட்டு, 1889இல் நீதிமன்றம் அவரைச் சுதந்திரமானவர் என்று தீர்த்தது. 1890 ஜனவரி 9இல் வெனிஸில் திருமுழுக்கும் உறுதிப்பூசுதலும் ஒரே நாளில். 2000இல் புனிதரானார். திருநாள் பெப்ரவரி 8. என் முழங்காலுக்குள் ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. அவருடைய தழும்புகளைப் பற்றி வாசித்த அன்று வேறு பெயர் தேடுவதை நிறுத்தினேன்.

இதில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். தன்னைக் கடத்தியவர்களைக் கண்டால் முழந்தாளிட்டு அவர்கள் கையை முத்தமிடுவேன் என்று பக்கீத்தா சொன்னதாகப் பரவலாக எழுதுவார்கள். அந்த இடத்துக்கு நான் வரவில்லை. தம்பி எங்கே என்று ஒருவரும் பதில் சொல்லாதபோது யாருடைய கையை முத்தமிடுவது? இதை எனக்குக் கற்பித்த சிஸ்டரிடம் கேட்டேன். புனிதர் செய்த எல்லாவற்றையும் செய்துகாட்டும் சோதனை அல்ல இது, நீதி கேட்பதை விடச்சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்றார். உங்களுக்கு மன்னிப்பைப் பாடமெடுக்க யாராவது ஒரு புனிதரைக் கையில் திணித்தால், மரியாதையோடு மறுத்துவிடுங்கள். தெரிவு உங்களுடையது.

கத்தோலிக்கரை மணமுடிப்பதற்காக மட்டும் இதைச் செய்ய நினைப்பவர்கள் அவசரப்படத் தேவையில்லை. ஆயரின் அனுமதி பெற்று, மதம் மாறாமலே ஆலயத்தில் திருமணம் செய்ய வழி உண்டு. உதவிப் பொருளுக்காக மாறச் சொல்லுகிறவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள். எங்கள் சனத்துக்குள் அதனால் வந்த மனக்கசப்புப் போதும்.

கடைசியாக ஞானப்பெற்றோர். பதினாறு வயது நிரம்பி, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்கவேண்டும். உங்கள் தாய் தகப்பன் ஆகமுடியாது. ஒருவரே போதும், திருமுழுக்குக்கும் உறுதிப்பூசுதலுக்கும் அவரே நிற்பது விரும்பத்தக்கது. சடங்கின்போது உங்கள் தோளில் கைவைத்து நிற்பவர் அவர்தான். ஆகவே தெரிந்த பெயரை முன்கூட்டியே அவருக்கும் பங்குத்தந்தைக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அன்றிரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் உங்களுக்கு வாய் வராமலும் போகலாம்.